கையெழுத்து இருக்கிறது, காரணம் எங்கே? தரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தரக் குழுவினருக்கு,

வணக்கம். மென்பொருள் நிறுவனங்களில் குவாலிட்டி டீம், கவர்னன்ஸ் டீம் என்று பல பெயர்களில் இருக்கிறீர்கள். பெயர் எதுவானாலும் எங்களைப் போன்ற புரோகிராமர்கள் உங்களிடம் அடிக்கடி வந்து நிற்பது ஒரு விஷயத்துக்காகத்தான். நிரலைத் தானாகப் படித்துக் குறை தேடும் கோட் ஸ்கேனர் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். நிரலைச் சோதித்து வெளியே அனுப்பும் பைப்லைன் சிவப்பாகும். இது பரவாயில்லை, விட்டுவிடலாம் என்று உங்களில் ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பில்ட் (நிரலைக் கட்டி முடிக்கும் வேலை) மேலே நகரும். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்படி எச்சரிக்கையை விட்டுவிடும் விதிவிலக்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகக் கொடுங்கள் என்று கேட்கவும் வரவில்லை. கொடுத்த விதிவிலக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதுதான் என் வருத்தம்.

பல இடங்களில் அது ஓர் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. சில இடங்களில் டிக்கெட் சிஸ்டத்தில் இருக்கிறது. அங்கேயும் கடைசியில் ஷீட்டாக இறக்கித்தான் ஆடிட்டரிடம் காட்டுகிறோம். கோப்பின் பெயர், வரி எண், விதியின் எண், காரணம், அனுமதித்தவர், தேதி என்று பத்திகள். வரி எண் அடுத்த கமிட்டிலேயே, அதாவது நிரலில் அடுத்த மாற்றம் சேர்ந்ததுமே, பொய்யாகிவிடும். மேலே யாரோ இரண்டு வரி சேர்த்தால் 214 என்பது 216 ஆகிவிடும். காரணப் பத்தியில் பெரும்பாலும் 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' (கருவி தவறாகக் கொடுத்த எச்சரிக்கை) என்றோ 'பிசினஸ் ரிக்வயர்மென்ட்' என்றோ இருக்கும். 'லெகசி கோட்' (பழைய நிரல்) என்பது இன்னொரு பிரபலமான காரணம். அனுமதித்த மேலாளர் இப்போது வேறு புராஜெக்டிலோ வேறு கம்பெனியிலோ இருப்பார். ஆடிட் வரும் வாரத்தில் தேதிப் பத்தியை மட்டும் கீழே இழுத்துப் புதுப்பிப்போம். டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய டாக்டர் சீட்டை நீட்டி இன்றைக்கு மாத்திரை வாங்குவது மாதிரி இது; சீட்டு உண்மைதான், டாக்டரும் உண்மைதான், நோய்தான் அதே நோயா என்று யாரும் கேட்கவில்லை.

விதிவிலக்கு இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1978-இல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களைச் சோதிக்க லின்ட் என்ற கருவியை எழுதினார். இன்றைய ஸ்கேனர்களின் வம்சம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தக் கருவியிலேயே அதன் வாயை அடைக்கவும் வழி இருந்தது. நிரலுக்குள் 'நாட்ரீச்டு' என்று ஒரு கமென்ட், அதாவது நிரலோடு ஓடாத குறிப்பு, போட்டால், ஓட்டம் இந்த இடத்துக்கு வரவே வராது என்று கருவிக்குச் சொல்வதாக அர்த்தம். 'ஆர்க்ஸ்யூஸ்டு' என்று போட்டால், இந்த ஃபங்ஷன் (நிரலின் ஒரு பகுதி) தனக்கு வரும் ஆர்க்யுமென்ட்களில் (உள்ளீடுகளில்) சிலவற்றைத் தொடாமல் விடுவது தெரிந்தே செய்தது என்று அர்த்தம்.

இந்த இரண்டையும் கொஞ்சம் கவனியுங்கள். 'கத்தாதே' என்று அவை சொல்லவில்லை. நிரலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்கின்றன. ஓட்டம் இங்கே வராது என்பது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். படிக்கிற அடுத்த ஆள் சரிபார்த்துக்கொள்ளலாம். பின்னால் வந்த கருவிகளில் 'டிஸேபிள்', 'இக்னோர்', 'சப்ரஸ்' என்று வெறும் கட்டளைகள் வந்தன. கட்டளையை யாரும் சரிபார்க்க முடியாது. உங்கள் ஷீட்டில் இருக்கும் 'அப்ரூவ்டு' அந்தக் கட்டளைக்கு அலுவலக முத்திரை, அவ்வளவுதான்.

ஏன் இதை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், முறைப்படி ஒப்புதல் பெற்ற ஒரு விதிவிலக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் துறையில் மிகப் பிரபலமான ஓர் உதாரணம் இருக்கிறது. ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். கிளம்பிய 40 விநாடிக்குள் பாதை மாறி, உடைந்து, வெடித்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின. 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் போதாமல் போனதுதான் காரணம் என்று கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். பாடம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அதற்குப் பின்னால் இருக்கும் கதைதான் முக்கியம்.

அந்த மாற்றத்தில் இடம் போதாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நிரலை எழுதிய காலத்திலேயே, எந்தெந்தக் கணக்கில் இப்படிப் பிழை வரலாம் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அது இன்றைய ஸ்கேனர் செய்த வேலை இல்லை, ஆட்கள் உட்கார்ந்து செய்த ஆய்வு. ஆனால் வந்த முடிவு நம் ஷீட்டில் வருவது போன்றதே. ஏழு மாறிகளில் ஆபத்து என்று கண்டார்கள். நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை அப்படியே விட்டார்கள். கணினியின் வேலைப் பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்ததால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு போட முடியவில்லை. விட்ட மூன்றும் இயற்பியல் ரீதியாகவே அந்த அளவைத் தாண்டாது, அல்லது நிறைய இடைவெளி இருக்கிறது என்று நியாயம் சொன்னார்கள். ஏரியன் 4-க்கு அந்த நியாயம் சரி. பல நிலைகளில் இருந்த பங்காளி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தே ஒப்புக்கொண்ட முடிவு அது. இன்றைய பாஷையில் சொன்னால் எல்லாருடைய அப்ரூவலும் இருந்த எக்செப்ஷன்.

அப்புறம் அதே நிரலை ஏரியன் 5-க்கு எடுத்துப் போட்டார்கள். ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் ஏரியன் 4-ஐவிட ஐந்து மடங்கு சீக்கிரம் ஏறும். கை விடப்பட்ட மூன்று மாறிகளில் ஒன்று அந்த வேகத்தோடு சம்பந்தப்பட்டது. அது நிரம்பி வழிந்தது. ராக்கெட்டின் திசையையும் அசைவையும் அளக்கும் முதன்மைக் கருவி, அதற்கு மாற்றுக் கருவி இரண்டிலும் ஒரே நிரல் என்பதால் இரண்டும் ஒரே காரணத்தால் விழுந்தன. இன்னும் வயிறு எரிகிற தகவல் ஒன்று: அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. ஏரியன் 4-க்கு வேண்டியிருந்ததால் விட்டுவைத்திருந்தார்கள்.

ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 1996 ஜூலை 19-இல் அறிக்கை கொடுத்தது. சில பக்கங்கள்தான்; தரக் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே கையில் கொடுக்க வேண்டிய ஆவணம் என்பது என் கருத்து. மூன்று மாறிகளை ஏன் பாதுகாக்காமல் விட்டோம் என்ற நியாயத்துக்கு மூல நிரலுக்குள் எந்தக் குறிப்பும் இல்லை என்று அந்தக் குழு எழுதியது. ஆவணங்களின் மலைக்குள் அந்த அனுமானம், யாரும் வேண்டுமென்று மறைக்காமலேயே, மறைந்துபோனது என்றும் எழுதியது. இதோடு இன்னொன்று: ஏரியன் 5-இன் பாதை விவரத்தை அந்தக் கருவிக்கான தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதும் கூடிப் பேசி எடுத்த முடிவு. ஆக, நியாயம் எந்த நிபந்தனையின் மேல் நின்றதோ அந்த நிபந்தனை மாறியது; மாறியதைச் சொல்ல வேண்டிய தாளும் இல்லை; நியாயமே கண்ணில் படவும் இல்லை. கையெழுத்துகள் மட்டும் பத்திரமாக இருந்தன.

உங்கள் ஷீட்டில் 'அனுமதித்தவர்' என்று ஒரு பத்தி இருக்கிறது. 'எது மாறினால் இந்த அனுமதி செல்லாது' என்று ஒரு பத்தி இருக்கிறதா? எனக்குத் தெரிந்த எந்த ஷீட்டிலும் இல்லை.

சரி, விதிவிலக்கு இவ்வளவு ஆபத்தென்றால் ஒன்றுமே வேண்டாம், எச்சரிக்கை பூஜ்யம் என்று இலக்கு வைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பீர்கள். வைத்தும் இருக்கிறீர்கள். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் கடைசி விதி அப்படித்தான் சொல்கிறது: எல்லா எச்சரிக்கைகளையும் போட்டு, ஒன்றுகூட இல்லாமல் நிரல் கம்பைல் ஆக, அதாவது இயந்திர மொழிக்கு மாற, வேண்டும், கருவி குழம்பினால், குழப்பம் வராதபடி நிரலை எளிதாக்கி எழுது. விண்கலத்துக்கு எழுதுகிறவர்களுக்கு நல்ல விதி. அவர்களுக்கு நிரலை எளிதாக்கி எழுத நேரமும் ஆளும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸ் வைத்திருக்கும் டீமிடம் பூஜ்யத்தைக் கேட்டால் நிரல் எளிதாகாது, வளையும்.

அப்படி வளைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் சாட்சி. தகவலை ரகசியக் குறியீடாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலை வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியில் ஓட்டியபோது, மதிப்பு எதுவும் வைக்கப்படாத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று எச்சரிக்கைகள் வந்தன. அவற்றை நிறுத்த டெபியன் தொகுப்பில் இரண்டு வரிகளைக் கமென்ட் போட்டு விலக்கினார்கள். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரி. ஒன்றை எடுத்ததால் கெடுதல் எதுவும் இல்லை. மற்றொன்று, ரேண்டம் எண்கள் உருவாகத் தேவையான குழப்பம் முழுவதும் உள்ளே போகும் வாசல். அது அடைபட்டதும் ரகசியச் சாவி உருவாக்கும்போது மாறக்கூடியதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புராசஸ் எண் மட்டும்தான். அப்போது லினக்ஸில் அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. ஆக, ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே அத்தனை சாவிகள்தான் சாத்தியம். யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். 2006 செப்டம்பரில் நுழைந்த மாற்றம் 2008 மே 13 அறிவிப்பு வரும்வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும், யார் கண்ணிலும் படாமல் ஓடியது.

ஓபன்எஸ்எஸ்எல் நிரலிலேயே அந்த இரண்டு வரிகளில் ஒன்றைச் சுற்றி, பியூரிஃபை என்ற கருவியில் ஓட்டும்போது மட்டும் இதை விட்டுவிடு என்று ஏற்கெனவே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. எடுத்தாலும் கெடுதல் இல்லாத வரிக்கு மட்டும், அந்தக் கருவிக்கு மட்டும், நிரலுக்குள்ளேயே கொடுத்த விதிவிலக்கு. ஆனால் பக்கத்தில் எழுதியிருந்த காரணம், பியூரிஃபை குறைசொல்கிறது என்ற அளவுதான். இன்னொரு வரியை ஏன் தொடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. வால்கிரைண்டிலும் குறிப்பிட்ட எச்சரிக்கையை மட்டும் அடக்க ஒரு கோப்பு வைக்கும் வசதி உண்டு. அங்கே ஒரு நல்ல விதிவிலக்கு போட்டிருந்தால் நிரலைத் தொட்டிருக்கவே வேண்டாம். எச்சரிக்கை வரக் கூடாது என்பதற்காக நிரலை மாற்றுவதைவிட, எச்சரிக்கையை ஒப்புக்கொண்டு அடக்குவது பாதுகாப்பான சந்தர்ப்பங்கள் உண்டு. விதிவிலக்குகளின் எண்ணிக்கையை மாதாந்திர மதிப்பெண்ணாக வைக்கும்போது இந்த வழியைத்தான் நீங்கள் அடைக்கிறீர்கள்.

இன்னொரு வகை விதிவிலக்கு உங்கள் ஷீட்டில் வருவதே இல்லை. விதியையே மொத்தமாக அணைத்து வைப்பது, அல்லது முதலிலிருந்தே போடாமல் விடுவது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய 'கோட்டூ ஃபெயில்' பிழையில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு ஓடவே இல்லை. இந்த இடத்தை ஓட்டம் எட்டாது என்று சொல்லும் எச்சரிக்கை கிளாங் கம்பைலரில் உண்டு. ஆனால் 'எல்லாம்' என்று பெயர் வைத்த சுவிட்சைப் போட்டாலும் அது சேராது. தனியாகப் போட வேண்டும். எந்த விதிகள் ஓட வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை நீக்குவது ஆயிரம் எக்செப்ஷனுக்குச் சமம், அதற்கு எந்தக் கையெழுத்தும் நாம் கேட்பதில்லை. ஒரே ஒரு வரிக்கு விலக்கு கேட்கிறவனிடம் மூன்று லெவல் அப்ரூவல் கேட்கிறோம்.

இனி ஷீட்டுக்கு வருகிறேன். அதில் 'அப்ரூவ்டு' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கருவி சொன்னது தவறு என்பது ஒன்று. கருவி சொன்னது சரி, ஆனால் இந்த இடத்துக்கு அந்த விதி பொருந்தாது என்பது இரண்டாவது. கருவியும் சரி, விதியும் சரி, எங்களுக்கு இப்போது நேரம் இல்லை என்பது மூன்றாவது. முதலாவது கருவி செய்தவருக்குப் போக வேண்டிய புகார். இரண்டாவதுதான் உண்மையான விதிவிலக்கு. மூன்றாவது கடன். கடனுக்கு 'விதிவிலக்கு' என்று பேர் வைத்தால் வட்டி குறையாது. சோனார்கியூப் போன்ற கருவிகளே 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்பதையும், குறை இருப்பது தெரியும், ஏற்றுக்கொண்டோம் என்பதையும் தனித்தனி நிலைகளாக வைத்திருக்கின்றன. ஆனால் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்று குறித்தால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை என்பதால் எங்கள் ஆட்கள் மூன்றையும் அதிலேயே போடுகிறார்கள். இதை நீங்கள் அறியாதவர்கள் இல்லை.

கடனுக்குத் தனி வழி இருக்கிறது. ரூபி மொழிக்கான ரூபோகாப் கருவியில், நிரலில் இப்போதிருக்கும் குறைகளை எல்லாம் ஒரு 'டூடூ' கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிஎச்பி மொழிக்கான பிஎச்பிஸ்டானில் அதற்கு 'பேஸ்லைன்' என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான இஎஸ்லின்டிலும் 2025-இல் இதே மாதிரி வசதி வந்துவிட்டது. பழைய குறைகள் கோப்பில் இருக்கும், புதிதாக ஒன்று வந்தால் பில்ட் விழும். கோப்பு சுருங்கலாம், வளரக் கூடாது. இருபது வருஷத்து வங்கி நிரலில் ஸ்கேனரை முதல் முறை ஓட்டும் டீமுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு ஒரே நாளில் மேலாளர் ஒருவர் அப்ரூவ் கொடுக்கும் நாடகமும் மிச்சம்.

உண்மையான விதிவிலக்கை நிரலுக்குள் வையுங்கள். ஷீட் வேண்டுமென்றால் நிரலிலிருந்து ஷீட்டை உருவாக்குங்கள், தலைகீழாக வேண்டாம். எந்த வரிக்கு விலக்கோ அந்த வரிக்குப் பக்கத்திலேயே, எந்த விதி, ஏன், எது மாறினால் செல்லாது என்று எழுதியிருக்க வேண்டும். பைதானில் வெறும் 'நோகியூஏ' என்று எழுதினால் அந்த வரியில் இன்றைக்கு வரும் எச்சரிக்கை மட்டுமல்ல, நாளைக்கு வரப்போவதும் சேர்ந்து அடங்கிவிடும். விதியின் எண்ணையும் எழுதினால் அது மட்டும் அடங்கும். கோ மொழியில் நோலின்ட்லின்ட் என்றே ஒரு சோதனை இருக்கிறது. விளக்கம் எழுதாத விலக்கைப் பிழையாகக் காட்டும்படி அதை அமைக்கலாம். சி ஷார்ப்பில் விலக்கோடு நியாயம் எழுதத் தனி இடமே உண்டு. அதைக் காலியாக விட்டாலும் கம்பைல் ஆகும் என்பதால் காலியாகவே கிடக்கிறது. அதைக் காலியாக விடக் கூடாது என்று ஒரு விதி போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, சில நிமிட வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. டைப்ஸ்கிரிப்டில் முன்பு 'டிஎஸ்-இக்னோர்' மட்டும் இருந்தது. அடுத்த வரியில் பிழை வந்தால் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். பிழை என்றைக்கோ சரியாகிப் போனாலும் அந்தக் கமென்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாளை அதே வரியில் வேறு பிழை வந்தால் அதையும் விழுங்கிவிடும். 2020-இல் 3.9 பதிப்பில் 'டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர்' வந்தது. இது பிழையை எதிர்பார்க்கிறது. பிழை வரவில்லை என்றால் அதுவே பிழை. ரஸ்ட் மொழியிலும் 2024-இல் 1.81 பதிப்பில் இதே மாதிரி 'எக்ஸ்பெக்ட்' நிலையான வசதியாக வந்துவிட்டது, காரணம் எழுதும் இடத்தோடு. பைதானுக்கான மைபை, இஎஸ்லின்ட் இரண்டிலும் வேலையற்ற விலக்குகளைக் காட்டும் சுவிட்ச் இருக்கிறது. ஆடிட் வாரத்தில் நீங்கள் செய்யும் வேலையில் பெரும்பங்கை, அதாவது இந்த எக்செப்ஷன் இன்னும் தேவையா என்று மெயில் மேல் மெயில் போடுவதை, இந்தச் சுவிட்சுகள் ஒவ்வொரு பில்டிலும் செய்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேவையற்றுப் போன விதிவிலக்கைக் கருவி கண்டுபிடிக்கும். செல்லாமல் போன விதிவிலக்கைக் கண்டுபிடிக்காது. ஏரியனில் நடந்தது இரண்டாவது. எச்சரிக்கைக்கான காரணம் அப்படியே இருந்தது, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதற்கான நியாயம்தான் போய்விட்டது. அதற்கு என்ன செய்யலாம்? நியாயத்தையே ஒரு சோதனையாக எழுதிவிடலாம். 'இந்த எண் 32,767-ஐத் (16 பிட்டில் அடங்கும் பெரிய எண்) தாண்டாது, ஏனென்றால் கிளை எண்கள் நான்கு இலக்கத்துக்குள்தான்' என்பது காரணமானால், கிளை எண் நான்கு இலக்கத்தைத் தாண்டினால் விழும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். பத்து வரி போதும். 'தரவுத்தளத்தைக் கேட்கும் இந்த எஸ்க்யூஎல் வாக்கியத்தில் பயனர் தரும் எதுவும் சேராது' என்பது காரணமானால், அந்த ஃபங்ஷனை யார் அழைக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். சோதனையாக எழுதவே முடியாத நியாயமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அவற்றுக்குக் காலக்கெடு வேண்டும், அதுவும் நாட்காட்டியோடு கட்டாமல் நிகழ்வோடு கட்டியது: இந்த மாட்யூலை வேறு புராஜெக்டுக்கு எடுத்தால், இந்த லைப்ரரியின் மேஜர் பதிப்பு மாறினால், இந்த ஏபிஐ வெளி உலகத்துக்குத் திறந்தால். 'ஆறு மாதம்' என்று பொதுவாகப் போட்ட கெடுவை ஆறு மாதம் கழித்து கண்ணை மூடிக்கொண்டு நீட்டிப்பார்கள்.

யார் கையெழுத்துப் போடுவது என்பதில் கார் தொழில்துறையிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். மிஸ்ரா என்ற பெயரில் பிரிட்டனில் 1998-இல் சி மொழிக்கு வந்த விதித் தொகுப்பு இன்று உலகமெங்கும் வண்டிகளுக்கு நிரல் எழுதுகிறவர்களின் பாடம். 2012 பதிப்பிலிருந்து அதில் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு விதிகளுக்கு விலக்கே கிடையாது, யார் கையெழுத்துப் போட்டாலும். இரண்டாம் அடுக்குக்கு முறைப்படி எழுதிய விலக்குப் பதிவு வேண்டும்: எந்தச் சூழலில், ஏன், என்ன ஆபத்து, அதற்கு என்ன ஏற்பாடு. மூன்றாம் அடுக்கு அறிவுரை மாதிரி. 2016-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட மிஸ்ரா கம்ப்ளையன்ஸ் ஆவணத்தில் 'பர்மிட்' என்று ஒன்றும் உண்டு: இந்த மாதிரி சந்தர்ப்பத்தில் இந்தக் காரணத்துக்காக இந்த விதியை விடலாம் என்று முன்பே யோசித்து எழுதிவைத்த மாதிரி. ஒவ்வொரு முறையும் புதிதாக வாதாட வேண்டாம்; பர்மிட்டில் சொன்ன நிபந்தனைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். நம் இடங்களில் எல்லா விதிக்கும் ஒரே வரிசை, ஒரே அப்ரூவர். பயன்படுத்தாத மாறி ஒன்றுக்கும் பாஸ்வேர்டை நிரலில் எழுதி வைத்ததற்கும் ஒரே ஃபார்ம். முதலாவதற்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் டெவலப்பர், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டில் பார்த்துச் சரி சொன்னால் போதும். இரண்டாவதற்கு எந்த ஃபார்மும் இருக்கக் கூடாது.

சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிரலைப் படிக்கத் தெரியாதவர் அதற்கு அப்ரூவல் கொடுக்கக் கூடாது. பதவியைக் குறைத்துப் பேசவில்லை. டெலிவரி மேனேஜரின் பெயர் இருந்தால் ஆடிட்டருக்குத் திருப்தி. ஆனால் அவர் பார்ப்பது எங்கள் டெக் லீட் அனுப்பிய மெயிலைத்தான். அப்படியானால் டெக் லீடின் பெயரையே போடலாமே.

நம் ஊர் சேவை நிறுவனங்களில் இதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. விதித் தொகுப்பு கிளையன்ட்டுடையது. சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒரு விதி பொருந்தவில்லை என்று தெரிந்தாலும் அதைத் தொட முடியாது. எக்செப்ஷன் கேட்டால் எண்ணிக்கை ஏறி மாத அறிக்கையில் தெரியும். அதனால் இங்கேயே ஏதாவது செய்து சமாளித்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து குறிப்பு வரும். இந்தக் குறிப்பு எழுத்தில் ஒருபோதும் வராது. எங்களுக்காகக் கிளையன்ட்டிடம் பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். அப்படிப் பேச உதாரணம் வேண்டுமென்றால் கூகிளைக் காட்டுங்கள். நிரலில் குறை தேடும் அவர்களுடைய டிரைகார்டர் அமைப்பைப் பற்றி 2018-இல் வெளியான கட்டுரையில், டெவலப்பர் ஒரு எச்சரிக்கையைப் பார்த்து எதுவும் செய்யாவிட்டால் அதைக் கருவியின் பிழையாகவே கணக்கில் எடுத்ததாக எழுதியிருந்தார்கள். அப்படிப் பயனில்லை என்று வரும் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சோதனையை எழுதியவர் திருத்தும்வரை அதை நிறுத்திவைத்தார்கள். ஒரே விதிக்கு முப்பது எக்செப்ஷன் வந்தால் முப்பது டெவலப்பரைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம்; விதியை எழுதியவரை ஒருமுறையாவது கூப்பிட்டிருக்கிறோமா?

போகிறபோக்கில் இன்னொன்று. இப்போது நிரலில் ஒரு பங்கை ஏஐ உதவியாளர்கள் எழுதித் தருகின்றன. செக் பாஸ் ஆகும்படி செய் என்று கேட்டால், சில நேரம் பிழையைத் திருத்தாமல் ஒரு இக்னோர் கமென்டைப் போட்டுப் பாஸ் ஆக்கிவிடுகின்றன. பக்கத்தில் அழகான ஒரு காரணமும் எழுதிவிடும். காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் இதைப் பிடிக்காது. புல் ரிக்வெஸ்டில் புதிய விலக்கு ஒன்று சேர்ந்தால் அதைத் தனியாகத் தூக்கிக் காட்டி, ஒரு மனிதர் படித்த பிறகே மெர்ஜ் ஆகும்படி வையுங்கள்.

எல்லாவற்றையும் அடுத்த குவார்ட்டருக்குள் மாற்றச் சொல்லவில்லை. இப்போதைக்கு நான் கேட்பது இவ்வளவுதான். எக்செப்ஷன் எண்ணிக்கையை டீம் மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபார்மில் 'எது மாறினால் செல்லாது' என்ற பத்தியைச் சேர்த்து, அதைக் காலியாக விட்டால் சப்மிட் ஆகாதபடி செய்யுங்கள். தேவையற்ற விலக்குகளைக் காட்டும் சுவிட்சை முதலில் எச்சரிக்கையாகவும், ஒரு ரிலீஸ் கழித்துப் பிழையாகவும் போடுங்கள். அப்புறம் இப்போதிருக்கும் ஷீட்டில் பாதுகாப்பு விதிகள் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து, நிரல் எழுதியவரையும் கையெழுத்துப் போட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொல்ல ஆள் இல்லாத வரிகளை அன்றைக்கே ரத்து செய்யுங்கள். பில்ட் விழட்டும். எங்கள் டீமின் வரிகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். புதன்கிழமை மதியம் எங்களுக்கு மீட்டிங் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அப்ரூவலுக்காகக் காத்திருக்கும் புரோகிராமர்களில் ஒருவன்